சீட்டுக்கு அடியில ஒரு மஞ்சள் கனெக்டர்: சைடு ஏர்பேக் குடியிருக்கிற இடமும் 2014 ரீகாலும்

2014 மார்ச் 17. அந்த சமயத்துல ஜெனரல் மோட்டார்ஸ்னாலே எல்லாரும் இக்னிஷன் ஸ்விட்ச் கோளாறு விவகாரத்ததான் பேசிக்கிட்டு இருந்தாங்க, அந்த சத்தத்துல அன்னைக்கு வந்த இன்னொரு ரீகால், அதாவது குறைய சரி பண்ண வண்டிகள கம்பெனியே திரும்ப கூப்பிடறது, அவ்வளவா யார் கண்ணுலயும் படல. கிட்டத்தட்ட 11.8 லட்சம் வண்டிங்க. 2008ல இருந்து 2013 வரைக்கும் வந்த பியூக் என்கிளேவ், ஜிஎம்சி அகேடியா, 2009ல இருந்து 2013 வரைக்கும் செவர்லே டிராவர்ஸ், 2008ல இருந்து 2010 வரைக்கும் சாட்டர்ன் அவுட்லுக். நாலுமே ஒரே பிளாட்ஃபார்ம்ல செஞ்ச பெரிய குடும்ப எஸ்யூவி, பேருதான் வேற வேற. காரணம்னு சொன்னது என்னன்னா, முன் சீட்டு சைடு ஏர்பேக்குக்கு போற வயரிங்ல ரெசிஸ்டன்ஸ் ஏறலாம், ஏறினா சைடு ஏர்பேக்கும், விபத்துல பெல்ட்ட இறுக்கி இழுக்கற சீட்பெல்ட் ப்ரீடென்ஷனரும் வெடிக்க வேண்டிய நேரத்துல வெடிக்காம போகலாம்.

இதுல கவனிக்க வேண்டியது, பையில குறை இல்ல. கேஸ் குடுக்கிற இன்ஃப்ளேட்டர்ல குறை இல்ல, சென்சார்ல இல்ல, கம்ப்யூட்டர்ல இல்ல. சீட்டுக்கு அடியில தொங்குற ஒரு கனெக்டருக்குள்ள ரெண்டு உலோக துண்டு ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கு பாருங்க, அந்த தொடுற இடம், அதான் குறை. நான் இந்த கேஸ எடுத்து எழுத காரணமே இதுதான். சைடு ஏர்பேக் பத்தி படிச்சா எல்லாரும் பையோட சைஸ், எத்தன மில்லி செகண்ட்ல விரியும்னு அதையேதான் சொல்றாங்க, ஆனா உண்மையில பாதி டிசைன் பை எங்க குடியிருக்குதுங்கிறதுலதான் இருக்கு. சீட்டுல வைக்கிறதுன்னு ஒருத்தர் முடிவெடுத்த அன்னைக்கே இந்த கனெக்டர் பிரச்சனைக்கும் விதை விழுந்தாச்சு, அத புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

முதல்ல ஏன் சைடு அடி இவ்வளவு மோசம்னு பார்ப்போம். முன்னாடி இடிச்சா பம்பர், ரேடியேட்டர், இன்ஜின், நீளமான சட்டம்னு நசுங்கறதுக்கு நெறைய இடம் இருக்கு. பக்கவாட்டுல என்ன இருக்கு? டோர் ஷீட், உள்ள ஒரு இரும்பு பீம், கண்ணாடி, டோர் பேட், அவ்வளவுதான், அதுக்கு அப்புறம் நேரா மனுஷன் விலா எலும்பு. டோர் பேடுக்கும் உக்காந்திருக்கிறவர் உடம்புக்கும் நடுவுல ஒரு கையகலம் இடைவெளி இருந்தா பெருசு. ஒரு கணக்கு போட்டு பாருங்க, 50 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு சுமார் 14 மீட்டர், அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு 14 மில்லிமீட்டர். டோர் உள்பக்கம் அதே வேகத்துல வராது, கொஞ்சம் கம்மியா மில்லி செகண்டுக்கு 10 மில்லிமீட்டர்னு வச்சுக்கிட்டாலும், 100 மில்லிமீட்டர் இடைவெளி 10 மில்லி செகண்ட்ல காலி. அதுக்குள்ள அடி விழுந்திருக்குன்னு கண்டுபிடிக்கணும், இது டோர அறைஞ்சு சாத்தின அதிர்ச்சி இல்ல நிஜ விபத்துதான்னு முடிவு பண்ணணும், பத்த வைக்கணும், பை வெளிய வந்து நடுவுல நிக்கணும். முன் ஏர்பேக்குக்கு அடியா இல்லையான்னு யோசிக்கவே இத விட அதிக நேரம் கிடைக்கும்.

அதனால சைடு பை சின்னது. டிரைவர் முன்னாடி வர்ற பை சாதாரணமா 50, 60 லிட்டர், சைடுல மார்புக்கு வர்ற பை பத்து இருபது லிட்டர் ரேஞ்சுதான். சின்னதா இருந்தாதான் நேரத்துக்கு நிரம்பும். ஆனா சின்ன பைன்னா ஒரு கஷ்டம் இருக்கு, சரியா அந்த இடத்துக்கு வந்தாதான் பிரயோஜனம். குள்ளமானவர் சீட்ட முன்னாடி இழுத்து போட்டு ஓட்டுவார், உயரமானவர் கடைசி வரைக்கும் தள்ளி சாய்ச்சு உக்காருவார், டோர் மட்டும் இருந்த இடத்துலயே இருக்கு. பைய டோர்ல வச்சா எல்லா சீட் பொசிஷனுக்கும் சேர்த்து நீளமா பெருசா செய்யணும். அதோட அடி வாங்கறதே டோர்தான், நசுங்கிக்கிட்டு இருக்கிற ஒரு பெட்டிக்குள்ள இருந்து பை ஒழுங்கா வெளிய வரணும்னு எதிர்பார்க்கறதும் லேசான விஷயம் இல்ல. அப்படியும் டோர்ல வச்சவங்க இருந்தாங்க, 90கள்ல வந்த சில ஜெர்மன் கார்கள்ல டோர் பேடுக்குள்ளதான் பை.

வோல்வோ வேற வழி எடுத்தாங்க. 1994ல 850 மாடல்ல உலகத்துலயே முதல் சைடு ஏர்பேக்க கொண்டு வந்தாங்க, ஏர்பேக் செய்யற ஆட்டோலிவ் கம்பெனியோட சேர்ந்து. அத வச்ச இடம் முன் சீட்டு முதுகுப் பகுதியோட வெளி ஓரம், டோர பார்த்த பக்கம். சீட்டு நகர்ந்தா பையும் நகரும், சாய்ச்சா பையும் சாயும், ஆளுக்கும் பைக்கும் உள்ள தூரம் எப்பவும் ஏறக்குறைய ஒண்ணுதான். இன்னைக்கு ரோட்டுல ஓடுற கார்கள்ல முன் சீட்டு மார்பு பை பெரும்பாலும் அதே இடத்துலதான் இருக்கு, முப்பது வருஷத்துல அந்த இடம் மாறல.

அந்த முதல் பைல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, அதுக்கு கரண்டே கிடையாது. சென்சார் சீட்டு பக்கவாட்டுலயே இருந்துச்சு, டோர் உள்ள நசுங்கி வந்து அந்த சென்சார அமுக்கினா உள்ள ஒரு ஊசி போய் சின்ன வெடிமருந்த தட்டும், அதுல இருந்து மெல்லிய குழாய் வழியா அதிர்வலை ஓடி மேல இருக்கிற கேஸ் ஜெனரேட்டர பத்த வைக்கும். குவாரியில பாறை உடைக்க உபயோகிக்கிற ஷாக் டியூப் வகைதான் அது, உள்சுவர்ல துளி வெடிபொடி தடவின பிளாஸ்டிக் குழாய், நொடிக்கு சுமார் 2000 மீட்டர் வேகத்துல சிக்னல் போகும். சீட்டுல இருந்து காருக்கு ஒரு வயர் கூட வேண்டாம். சென்சார், திரி, கேஸ், பை எல்லாம் ஒரே சீட்டுக்குள்ள. சீட்ட முன்ன பின்ன தள்ளினாலும் எதுவும் இழுபடாது, எதுவும் உரசாது.

ஆனா அந்த முறை நிலைக்கல, அதுக்கு காரணமும் நியாயமானதுதான். டோர் உள்ள வந்து சீட்ட தொடுற வரைக்கும் காத்திருக்கற சென்சார் லேட்டான சென்சார். எலக்ட்ரானிக்ஸ் வந்தப்புறம் முன் டோருக்கும் பின் டோருக்கும் நடுவுல நிக்கற பி பில்லர் தூண் அடியில அதிர்ச்சிய அளக்கற ஒரு ஆக்சலரோமீட்டர், டோர் குழிக்குள்ள ஒரு பிரஷர் சென்சார்னு வைக்க ஆரம்பிச்சாங்க. டோர் வெளி ஷீட் நசுங்கின உடனே உள்ள இருக்கிற காத்து அமுங்கும், அந்த அழுத்தம் ஏறுறத வச்சே இன்னும் உள்பக்கம் அசையறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம். டோர அறைஞ்சு சாத்தினா அதிர்ச்சி நிறைய வரும், ஆனா ஷீட் நசுங்காது, அதனால காத்தழுத்தம் அந்த மாதிரி ஏறாது, ரெண்டையும் சேர்த்து பார்த்தா கம்ப்யூட்டர் ஏமாறாது. அதுவும் போக மேல கூரையில இருந்து வர்ற கர்ட்டன் பை, பெல்ட் ப்ரீடென்ஷனர் எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஒரே மூளை பத்த வைக்கணும். ஆக சீட்டுக்கு வயர் வந்தே ஆகணும்ங்கிற நிலை. வந்துச்சு.

இப்ப அந்த சீட்டுக்குள்ள என்னதான் இருக்குன்னு கொஞ்சம் நின்னு பார்க்கலாம், ஏன்னா ஹவுசிங், அதாவது பை குடியிருக்கிற கூடு, வெறும் டப்பா இல்ல.

சீட்டு முதுகோட இரும்பு சட்டத்துல வெளிப்பக்க தூண்ல ஏர்பேக் மாட்யூல போல்ட் போட்டு இறுக்குவாங்க. உள்ள ஒரு கட்டை விரல் தடிமன்ல உருளையா இன்ஃப்ளேட்டர், அத சுத்தி மடிச்ச பை. ரெண்டு விதமா வரும். ஒண்ணு பிளாஸ்டிக் மூடியோட வர்ற கெட்டி டப்பா, பழைய கார்கள்ல சீட்டு ஓரத்துல ஏர்பேக்னு எழுதின ஒரு பிளாஸ்டிக் பலகை தெரியும்ல, அதான். இன்னொண்ணு துணி உறையில சுத்தி வச்ச மெத்து பொட்டலம், அத ஃபோமுக்குள்ளயே புதைச்சு மேல சீட்டு கவர தைச்சிடுவாங்க, வெளிய பார்த்தா ஒரு சின்ன டேக் தவிர ஒண்ணும் தெரியாது. இப்ப பெரும்பாலும் ரெண்டாவது வகை, அழகா இருக்கும், உக்கார உறுத்தாது.

அழகா இருக்கு சரி, பை எப்படி வெளிய வரும்? இங்கதான் தையல்காரர் வேலை இன்ஜினியர் வேலையா மாறுது. சீட்டு கவரோட முன் ஓரத்துல ஒரு தையல வேணும்னே பலம் கம்மியான நூல்ல, கணக்கு போட்ட தையல் நீளத்துல போடுவாங்க, அது கிழிய வேண்டிய தையல். ஆனா பலவீனமா தைச்சா மட்டும் போதாது, ஏன்னா சீட்டு துணியும் லெதரும் இழுபடும், பை உள்ள இருந்து தள்ளும்போது தையல் கிழியாம துணி பலூன் மாதிரி உப்பிக்கிட்டே போனா ரெண்டு மூணு மில்லி செகண்ட் வீணாயிடும், மேல போட்ட கணக்குப்படி அது டோர் 20, 30 மில்லிமீட்டர் உள்ள வந்துட்ட நேரம். அதனால உள்பக்கம் இழுபடாத ஒரு துணி பட்டைய பையச் சுத்தி கொண்டு வந்து அந்த தையலோடயே சேர்த்து தைப்பாங்க, பை தள்ளுற விசை எங்கயும் சிதறாம நேரா தையலுக்கே போய் சேரும். ஃபோம்லயும் அந்த பாதையில முன்னாடியே ஒரு வெட்டு இருக்கும், இல்லன்னா ஃபோம் துண்டு துண்டா பிஞ்சு பறக்கும். இது எல்லாம் மைனஸ் 35 டிகிரியிலயும் வேலை செய்யணும் 85 டிகிரியிலயும் செய்யணும், குளிர்ல ஃபோமும் பிளாஸ்டிக்கும் விறைச்சு நிக்கும், சூட்டுல இன்ஃப்ளேட்டர் அழுத்தம் கூடும், ரெண்டு ஓரத்தையும் வெடிச்சு பார்த்துதான் பாஸ் பண்ணுவாங்க.

இது தெரிஞ்சவங்களுக்கு அழகுக்காக வெளிய வாங்கி மாட்டுற சீட் கவர பார்த்தா வயித்த கலக்கும். ஒரு மனுஷன் நூல் பலம் வரைக்கும் கணக்கு பண்ணி வச்ச தையலுக்கு மேல இன்னொரு கெட்டியான ரெக்ஸின் கவர இழுத்து கட்டினா அவ்வளவு கணக்கும் வீண். பை லேட்டா வரும், இல்லன்னா தப்பான பக்கம் வரும். ஏர்பேக் பக்கம் திறந்து விட்டோ கிழியற தையலோடவோ வர்ற கவரும் இருக்கு, இருந்தாலும் அந்த சீட்டு மாடலுக்கே சோதிச்சதான்னு கேக்காம மாட்டறது சரியில்ல.

பையோட உள்ளயும் ஒரு வீடு கட்டியிருக்காங்க. மனுஷன் இடுப்பெலும்பு தாங்கும், விலா தாங்காது. பக்கவாட்டு மோதல் சோதனைக்கான ஐரோப்பாவோட ஆர்95 விதிய பாருங்க, டம்மியோட, அதாவது சோதனை பொம்மையோட, இடுப்புக்கு முன்பக்க எலும்பு சேர்ற இடத்துல 6 கிலோநியூட்டன் விசை வரைக்கும் அனுமதி, விலா மட்டும் 42 மில்லிமீட்டருக்கு மேல அமுங்கக் கூடாது. அதனால நல்ல டிசைன்ல பைய ரெண்டு அறையா பிரிச்சு இடுப்புக்கு வர்ற கீழ் அறைய அதிக அழுத்தத்துல கெட்டியா வைப்பாங்க, மார்புக்கு வர்ற மேல் அறையில காத்து வெளியேற ஓட்டை விட்டு மெத்துன்னு வைப்பாங்க, நடுவுல ஒரு வழி வால்வு. இடுப்ப முதல்ல புடிச்சு தள்ளிட்டா மொத்த உடம்பும் டோர விட்டு விலக ஆரம்பிச்சிடும், விலா வாங்குற அடி குறையும். யோசிச்சவங்கள பாராட்டணும்.

ஆனா மார்ப காப்பாத்தி தலைய விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு அமெரிக்காவுல இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தற சாலை பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான ஐஐஎச்எஸ் 2007ல வெளியிட்ட கணக்கு நல்ல பதில். டிரைவர் பக்கம் அடி வாங்கின கார்கள்ல மார்புக்கு மட்டும் பை இருந்தப்ப டிரைவர் சாகிற வாய்ப்பு 26 சதவீதம் குறைஞ்சிருக்கு, தலைக்கும் சேர்த்து இருந்தப்ப 37 சதவீதம். எஸ்யூவியில மார்புக்கு மட்டும்னா 30, தலைக்கும் சேர்த்துன்னா 52. தலைக்கான பைய சீட்டுல வைக்கிறது கஷ்டம், கூரை ஓரம்தான் அதுக்கு இயற்கையான இடம். 1997ல பிஎம்டபிள்யூ 7 சீரிஸ்ல நீள குழாய் மாதிரி ஒண்ண கொண்டு வந்தாங்க, உப்பினா தடிக்கும், தடிச்சா நீளம் குறைஞ்சு விறைப்பா கட்டி இழுத்த மாதிரி நிக்கும், குறுக்கால தலைய தாங்கும். அடுத்த வருஷம் வோல்வோ எஸ்80ல முழு ஜன்னலையும் மறைக்கிற கர்ட்டன் வந்துச்சு, இன்னைக்கு எல்லாரும் அதுதான் போடுறாங்க. கூரையே இல்லாத கன்வெர்டிபிள்ல? வோல்வோ சி70ல கர்ட்டன டோருக்குள்ள வச்சு கீழ இருந்து மேல எழும்பி விறைப்பா நிக்கற மாதிரி செஞ்சாங்க.

கர்ட்டன் கதை தனி கதை, ஆனா ஒண்ணு சொல்லிட்டு போறேன். கூரை பைக்கு நகர்ற வயர் பிரச்சனை இல்ல, அதுக்கு வேற தலைவலி. வண்டி உருண்டா சில நொடி வரைக்கும் பை உப்பியே இருக்கணும், ஜன்னல் வழியா ஆள் வெளிய வீசப்படாம தடுக்கற அமெரிக்க விதி 226ல பை விரிஞ்சு 6 வினாடி கழிச்சும் ஒரு அடி அடிச்சு பார்க்கறாங்க. வெடிமருந்துல வர்ற சூடான கேஸ் ஆறினா சுருங்கிடும், அதனால பல கர்ட்டன்ல ஹீலியம், ஆர்கான் மாதிரி கேஸ அழுத்தி அடைச்ச சிலிண்டர்தான். அழுத்தி அடைச்சதுன்னா அந்த சிலிண்டர் வண்டி வயசு முழுக்க அழுத்தத்தோடயே வாழணும். 2016 ஜூன்ல டொயோட்டா 14 லட்சத்துக்கும் மேல பிரியஸ், லெக்சஸ் சிடி200எச் வண்டிகள திரும்ப கூப்பிட்டது இதனாலதான், சில இன்ஃப்ளேட்டர்கள்ல அறைகள சேர்க்கிற வெல்டிங் பக்கம் சின்ன விரிசல் வளர்ந்து, நிறுத்தி வச்ச வண்டியிலயே சிலிண்டர் பிரிஞ்சு பை பாதி உப்பக்கூடும்னு. கூரையில குடி வச்சா வெல்டிங்க நம்பணும், சீட்டுல குடி வச்சா கனெக்டர நம்பணும்.

சரி, கனெக்டருக்கு வருவோம்.

இன்ஃப்ளேட்டர பத்த வைக்கிற சின்ன பொருளுக்கு ஸ்க்விப்னு பேரு. உள்ள ஒரு மெல்லிய கம்பி, ரெசிஸ்டன்ஸ் சுமார் 2 ஓம், அதுல 1.2 ஆம்ப் கரண்ட் 2 மில்லி செகண்ட் பாய்ஞ்சா போதும், கம்பி சூடாகி மருந்து பத்திக்கும். ஏர்பேக் கம்ப்யூட்டர் வண்டி ஓடிக்கிட்டு இருக்கிற நேரம் பூரா, பத்தாத அளவுக்கு ரொம்ப சின்ன கரண்ட அனுப்பி இந்த ரெண்டு ஓம் ரெண்டு ஓமாவே இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். கூடினாலும் குறைஞ்சாலும் டேஷ்போர்டுல ஏர்பேக் லைட் எரியும். கனெக்டர் மஞ்சள் கலர்ல இருக்கிறது மெக்கானிக் பார்த்த உடனே இது வெடிக்கிற சர்க்கியூட்னு தெரிஞ்சுக்கறதுக்கு. கழட்டின நிமிஷம் உள்ள ஒரு ஷார்ட்டிங் பார் ரெண்டு பின்னையும் சேர்த்துடும், யாரோ தொட்டப்ப ஸ்டேட்டிக் பாய்ஞ்சு பை வெடிக்காம இருக்க.

ஸ்டீயரிங்லயும் ஏர்பேக் இருக்கு, அதுவும் சுத்துற இடம்தான், ஆனா அங்க நாடா மாதிரி சுருட்டி வச்ச ஸ்பைரல் கேபிள்னு தனியா ஒரு பாகமே கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. சீட்டுக்கு அப்படி ஒண்ணும் இல்ல. தரையில கார்பெட்டுல இருந்து ஒரு கொத்து வயர் கிளம்பும், கொஞ்சம் தொய்வு விட்டு சீட்டு அடியில ஒரு மஞ்சள் கனெக்டர்ல சேரும், அவ்வளவுதான் ஏற்பாடு. ரோடு குலுக்கற குலுக்கல், சீட்ட தள்ளறது, மேல ஆள் உக்காந்து எழறது, பின்னாடி உக்காந்தவர் கால் இடிக்கறது, அடியில திணிச்ச பாட்டிலும் குடையும் உருள்றது, கார் கழுவறவர் வேக்குவம் குழாய விட்டு இழுக்கறது, கால்ல இருந்து சொட்டுற தண்ணி, எல்லாம் அந்த கனெக்டர் தலையிலதான். காருக்குள்ள உயிர காக்கற ஒரு சர்க்கியூட்டுக்கு இத விட மோசமான விலாசம் கிடைக்காதுன்னு எனக்கு தோணும்.

அந்த ஜிஎம் வண்டிங்கள்ல என்ன ஆச்சுன்னா, டெர்மினல் மேல இருந்த பூச்சு வெள்ளீயம், அதாவது டின். டின்ல தப்பில்ல, காருக்குள்ள பெரும்பாலான டெர்மினல் டின்தான், மலிவு, நல்லா கரண்ட் கடத்தும். டின் மேல எப்பவும் மெல்லிசா ஒரு ஆக்சைடு படலம் இருக்கும், அது கரண்ட விடாது, ஆனா மாட்டும்போது உரசி உடைஞ்சு உள்ள இருக்கிற சுத்தமான டின் தொட்டுக்கும், அப்படியே அசையாம இருந்தா வருஷக்கணக்கா பிரச்சனை இல்ல. அசைஞ்சாதான் வம்பு. கண்ணுக்கு தெரியாத, மைக்ரான் கணக்குல ஒரு ஆட்டம் போதும். தொடுற இடம் துளி நகரும், புது டின் வெளிய வரும், அதுல காத்து பட்டு ஆக்சைடு புடிக்கும், திரும்ப நகரும்போது அந்த ஆக்சைடு உடைஞ்சு தூளாகி அங்கயே தங்கும், மறுபடி புது டின், மறுபடி ஆக்சைடு. ஆயிரக்கணக்கான தடவ நடந்தப்புறம் ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல கருப்பா ஒரு தூள் மெத்தையே உருவாகிடும். இதுக்குதான் ஃப்ரெட்டிங் கரோஷன்னு பேரு. தங்கம் ஆக்சைடு புடிக்காது, அதனால ஏர்பேக் மாதிரி சின்ன கரண்ட் சோதனை ஓடுற சர்க்கியூட்டுக்கெல்லாம் தங்க முலாம் போட்ட டெர்மினல்தான் வழக்கம், விலை ஏறும், ஆனா ஒரு பின்னுக்கு போகிற தங்கம் சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல.

ஒரு சந்தேகம் வரும், 2 ஓம் இருக்கிற இடத்துல இன்னொரு ஓம் கூடினா என்ன குடி முழுகிடும், கம்ப்யூட்டர்தான் கெப்பாசிட்டர்ல வோல்ட்டேஜ ஏத்தி வச்சிருக்கே, தள்ளிவிட்டுடாதா? தள்ளும், ஆரம்பத்துல தள்ளும். அதனாலதான் லைட் எரிஞ்ச முதல் நாளே பை செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஆனா ஃப்ரெட்டிங் ஒரு நம்பர்ல நிக்கற வியாதி இல்ல, இன்னைக்கு அரை ஓம் கூடும், சீட்ட நகர்த்தினா சரியாகும், நாளைக்கு குழியில இறங்கும்போது ஒரு கணம் மொத்தமா விட்டுப்போகும், அப்புறம் திரும்ப சரி. பை வேலை செய்ய வேண்டிய அந்த 10 மில்லி செகண்ட் எப்படிப்பட்ட நேரம்? டோர் உள்ள வந்து சீட்ட இடிச்சு குலுக்கற நேரம். கனெக்டர் அதிகமா ஆடற நேரமும் அதேதான்.

நம்ம கேஸ்ல எரிச்சல் குடுக்கற பகுதி இதுக்கு மேலதான் இருக்கு. ரீகால் 2014ல வந்துச்சு, ஆனா இந்த வண்டிங்களுக்கு ஏர்பேக் லைட் புகார் அதிகமா வர்றது கம்பெனிக்கு 2008லயே தெரியும். டெர்மினல எடுத்து பார்த்து தேய்மானமும் அரிப்பும்தான் காரணம்னும் அப்பவே கண்டுபிடிச்சாச்சு, 2008 நவம்பர்ல டீலர்களுக்கு ஒரு டெக்னிக்கல் புல்லட்டின் போச்சு, சில வண்டிகள்ல தங்க முலாம் டெர்மினலுக்கு மாத்தறதும் ஆரம்பிச்சது. புல்லட்டின்னா என்ன அர்த்தம்னா, கஸ்டமர் லைட் எரியுதுன்னு வந்தா இப்படி ரிப்பேர் பண்ணுங்க. வராதவருக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. வாரன்டி முடிஞ்சவர் கைக்காசு போட்டு செஞ்சுக்கணும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவர் டேஷ்போர்டுல எரியற ஆரஞ்சு லைட்ட சென்சார் ஏதோ மக்கர் பண்ணுதுன்னு விட்டுடுவார், வண்டி நல்லா ஓடுதுல்ல.

லைட் எரியுதே, எச்சரிக்கை குடுக்குதே, அப்ப டிசைன் சரியாத்தானே வேலை செஞ்சதுன்னு ஒரு வாதம் வைக்கலாம். பேப்பர்ல அது சரிதான், கம்ப்யூட்டர் தன் வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. ஆனா விட்டு விட்டு வர்ற ஃபால்ட் லைட்டும் விட்டு விட்டுத்தான் எரியும். ஒர்க்‌ஷாப்புக்கு கொண்டு போற அன்னைக்கு எரியாது, மெக்கானிக் ஸ்கேனர போட்டு பழைய கோட அழிச்சு அனுப்பிடுவார், ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப எரியும், மூணாவது தடவ போக மனசு வராது. இத எழுதற நான் உட்பட யாரும் அந்த மூணாவது தடவ போறவங்க இல்ல. எச்சரிக்கைய ஜனங்க அலட்சியம் பண்ணினா நீங்கதான் பொறுப்புன்னு சொல்றது சுலபம், ஆனா பொய் எச்சரிக்கை மாதிரியே நடந்துக்கற உண்மை எச்சரிக்கைய டிசைன் பண்ணினவருக்கும் அதுல பங்கு இருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

கடைசியில 2014 ரீகால்ல என்ன ரிப்பேர் செஞ்சாங்க தெரியுமா? கிரீஸ் இல்ல, தங்க டெர்மினல் இல்ல, புது கனெக்டரும் இல்ல. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் அடியில இருந்த அந்த சைடு ஏர்பேக் கனெக்டர வெட்டி தூக்கி போட்டுட்டு, வயரோட வயர சேர்த்து சால்டர் வச்சுட்டாங்க. படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஆனா யோசிச்சா அதுதான் நேர்மையான ரிப்பேர். உரசற இடமே இல்லன்னா ஃப்ரெட்டிங் எங்க இருந்து வரும்? வோல்வோ 1994ல சீட்டுக்கும் காருக்கும் நடுவுல இணைப்பே வேண்டாம்னு செஞ்சத, இருபது வருஷம் கழிச்சு வேற ஒரு வழியில சால்டரிங் அயர்ன் வச்சு தொட்டிருக்காங்க.

அதுக்கும் விலை இருக்கு. இனிமே அந்த சீட்ட கழட்டறவர், கார்பெட் மாத்தவோ, தண்ணி புகுந்தத காய வைக்கவோ, மத்த கனெக்டர எல்லாம் சுலபமா புடுங்கிட்டு இந்த ஒண்ணுல மாட்டுவார். கழட்ட முடியாத வயர என்ன பண்றது, வெட்டணும், திரும்ப சேர்க்கணும், சும்மா முறுக்கி டேப் சுத்திட்டா பழைய டின் டெர்மினல விட மோசமான இணைப்பு வந்து சேரும். சால்டர் வச்ச இடத்துக்கு பக்கத்துல வயர் விறைப்பா ஆகும், அங்க மடங்கி மடங்கி இழை உடையவும் கூடும், அதனால சேர்த்த இடம் ஆடாத மாதிரி சட்டத்தோட கட்டி வச்சிருக்காங்களான்னு பார்க்கணும். பழைய வண்டி வாங்கறவங்க சீட்டு அடியில டார்ச் அடிச்சு பார்த்தா தெரியும். கூடவே சாவி போட்ட உடனே ஏர்பேக் லைட் சில வினாடி எரிஞ்சு அணையுதான்னும் பாருங்க, அணையாம எரிஞ்சா தப்பு, எரியவே இல்லன்னா இன்னும் பெரிய தப்பு, யாரோ பல்ப கழட்டியிருக்கலாம். நல்ல ஸ்கேனர் இருக்கிற மெக்கானிக்கிட்ட ஒவ்வொரு ஸ்க்விப் சர்க்கியூட்டோட ரெசிஸ்டன்ஸையும் லைவ்ல காட்ட சொல்லி, அப்படியே சீட்ட முன்ன பின்ன நகர்த்திக்கிட்டே நம்பர் குதிக்குதான்னு பார்க்கச் சொல்லுங்க, சில வண்டியில அந்த வசதி உண்டு. மல்டிமீட்டர மட்டும் ஸ்க்விப்ல நேரா வைக்க விடாதீங்க, மீட்டர்ல இருந்து போற கரண்ட்லயே வெடிக்க வாய்ப்பு இருக்குன்னுதான் எல்லா சர்வீஸ் புத்தகத்துலயும் அத தடை பண்ணியிருக்காங்க.

குழந்தைங்க விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு, வயர் பக்கம் போனதுல மறந்துட்டேன். சீட்டு ஓரத்துல பை இருந்தா, தூங்கி அந்த ஓரத்துல தலை சாய்ச்ச சின்ன பிள்ளைக்கு என்ன ஆகும்ங்கிற பயம் 90கள் கடைசியில நிஜமாவே இருந்துச்சு, முன் ஏர்பேக்ல குழந்தைங்க செத்த அனுபவம் அப்பதான் நடந்து முடிஞ்சிருந்தது. அதுக்காக அமெரிக்காவுல ஒரு தொழில்நுட்ப குழு 2000 ஆகஸ்ட்ல சோதனை முறை வகுத்துக் குடுத்தாங்க, 3 வயசு, 6 வயசு குழந்தை டம்மிகளையும் குள்ளமான பெண் டம்மியையும் வேணும்னே பை மேல ஒட்டி சாய்ச்சு, படுக்க வச்சு, முட்டி போட வச்சு வெடிச்சு பார்க்கறது. பை மடிப்ப மாத்தறது, ஆரம்ப வேகத்த குறைக்கறது, வெளிய வர்ற திசைய டோர் பக்கமா திருப்பறதுன்னு ஹவுசிங் டிசைன்ல நிறைய மாற்றம் அந்த சோதனைகளால வந்ததுதான். ஹோண்டா இன்னும் ஒரு படி போய் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கிற உருவம் சின்னதா இருந்து ஓரம் சாய்ஞ்சிருந்தா சைடு பைய அணைச்சு வைக்கிற சென்சார சீட்டு முதுகுக்குள்ள வச்சாங்க. நல்ல யோசனை, ஆனா சீட்டுக்கு இன்னும் ஒரு கொத்து வயர்.

சீட்டு இப்படித்தான் வருஷத்துக்கு வருஷம் கனமாகிக்கிட்டு வருது. ரீகால்ல மாட்டின அதே என்கிளேவ், அகேடியா, டிராவர்ஸ் வண்டிங்களோட 2013 மாடல்ல ஜிஎம் உலகத்துக்கே புதுசா ஒண்ண கொண்டு வந்தாங்க, முன் சீட்டுக்கான சென்டர் ஏர்பேக், டிரைவர் சீட்டோட உள்பக்க ஓரத்துல இருந்து விரிஞ்சு ரெண்டு முன் சீட்டுக்கும் நடுவுல நிக்கும். எதிர்பக்கத்துல அடி விழுந்தா டிரைவர் வண்டிக்கு குறுக்கால சரிஞ்சு போய் பக்கத்துல இருக்கிறவரோட மண்டை மண்டையா மோதிக்காம தடுக்கும். கார்களுக்கு பாதுகாப்பு மார்க் போடுற ஐரோப்பாவோட யூரோ என்கேப் அமைப்பு 2020ல அந்த எதிர்பக்க சோதனைய மார்க்குல சேர்த்ததுல இருந்து இப்ப நிறைய கார்ல வருது. அந்த பைக்கும் ஒரு ஸ்க்விப் உண்டு, ரெண்டு வயர் உண்டு, அதே சீட்டுக்கு அடியில இருந்துதான் அதுவும் ஏறி வரணும்.